எட்டு ராத்தல்

முதலாவது குற்றம், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறு. டூகல் காலண்டர் என்ற ஸ்கொட்லாந்துப் பாட்டுக்காரன் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டான். அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது எங்கள் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துத் தராசுப் பாட்டு. கட்டியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘மரபுப் பாடல், இலங்கை’ என்று மூன்று சொற்கள். இரண்டாவது, எழுபத்தெட்டு. பிடிலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தலைமயிரைச் சேவற்கொண்டை மாதிரி வெட்டிக்கொண்டு, காதில் ஊக்குக் குத்திக்கொண்டு, பங்க் என்ற ஒரு கூச்சல் இசைக்குப் போனான். போகும்போது எங்கள் பாட்டையும் இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது, எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். என் அச்சுக்கூடத்தை எரித்தார்கள். எழுத்துகள் உருகி ஈயக்கட்டியாய்க் கிடந்த அந்த மாதத்தில் அவனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அவன் கச்சேரியின் ஒலிநாடா. நான்காவது, தொண்ணூற்றொன்று. தாடி நரைத்து, கூச்சல் அலுத்து, மறுபடி பிடிலுக்குத் திரும்பியவன் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான்: மூடுபனி மலையில் பெயர் தெரியாத ஒரு கிழவி எனக்கு இந்தப் பாட்டைத் தந்தாள். கிழவியாம். பாடினபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஐந்தாவது, இரண்டாயிரத்து ஏழு. ஒரு பல்கலைக்கழகம் அவனுக்குச் சிவப்பு அங்கி போர்த்திக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அந்த மேடையிலும் அவன் பாடியது இதைத்தான். ஆறாவது, இன்று. இன்று அவன் அட்டனுக்கே வந்துவிட்டான். இவ்வளவையும் நான் துப்புத்துலக்கிக் கண்டுபிடிக்கவில்லை. தட்டையும் படத்தையும் பத்திரிகைத் துண்டையும் ஒவ்வொரு தடவையும் அவனே தபாலில் அனுப்பினான், உறையின் மேல் ‘தோழர் சந்தனம், தொழிற்சங்கக் காரியாலயம், அட்டன்’ என்று கோணல் எழுத்தில் எழுதி. குற்றம் செய்தவனே சாட்சியத்தைக் கட்டி அனுப்புகிற வழக்கு. நான் ஒரு தடவையும் பதில் போடவில்லை. பதில் போடாததை என் கண்டனம் என்று அவன் புரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். நான் எதையும் வரிசைப்படி சொல்கிறவன். துண்டுப்பிரசுரம் படித்து எழுத்துக் கற்றவன், துண்டுப்பிரசுரம் எழுதியே எழுபத்தேழு வயதுக்கு வந்தவன். வரிசை பிசகினால் நியாயம் பிசகும்.

மண்டபத்துத் தகரக் கூரையில் மழை விழுகிறது. காலை பதினொரு மணிக்கு இப்படி இருட்டு. நேற்று யார் வீட்டுப் பெண்ணுக்கோ இங்கே சடங்கு நடந்திருக்கிறது; சரிகைத் தாளும் ரோசாப்பூ வளைவும் மேடையில் அப்படியே நிற்கின்றன, நடுவில் சடங்குப் பிள்ளை உட்கார்ந்த சிங்காசனம். அதில் உட்காரச் சொன்னார்கள் அவனை. கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். பெண்கள் சிரித்தார்கள். எளிமையாம். ஐம்பது வருஷம் அந்த எளிமையை வைத்துத்தானே பிழைத்தான். முன்வரிசையில் என்னை உட்காரவைத்து, இவர்தான் அன்றைக்குத் தொரைக்கு மொழிபெயர்த்த தோழர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து நிற்கவில்லை. முழங்கால் வலி என்று நினைத்திருப்பார்கள். பக்கத்துக் கதிரையில் தவமணி. அவன் கிழவியாக்கிய சீரங்காயியின் மகள், முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஐம்பத்தாறு வயது, தாயின் அதே கூர்த்த தாடை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோவை, அதற்குள் தட்டச்சு செய்த ஒரு சத்தியக் கடதாசி. பின்வரிசையில் சமாதான நீதவான் அருளானந்தம் மாஸ்டர் முத்திரைப் பெட்டியோடு இருக்கிறார். விஷயம் இதுதான்: காலண்டரின் எல்லாத் தட்டுகளையும் ஒரே பெட்டியாக மறுபடி போடுகிறார்கள். கூடவே ஒரு புத்தகம், எந்தப் பாட்டு யார் கட்டியது என்று. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. தவமணி அவனுக்கு எழுதினாள், இந்தப் பாட்டு எங்கள் அம்மா கட்டினது என்று. அவன் பதில் எழுதினான்: அன்று அங்கே இருந்த பெரியவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது சந்தனம் ஒருவர்தான், அவர் சாட்சிகள் முன்னால் சொல்லி ஒப்பம் வைத்தால் பெயரைப் போடுகிறேன். ஆக, அவள் பெயர் அச்சேறுவதும் மரபு என்ற பள்ளத்தில் கிடப்பதும் என் கையில். சங்கத்தில் இத்தனை வருஷம் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மட்டும் கை ஏன் சட்டைப்பைக்குள் போய்ப் பேனாவைத் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது.

“தலைவரே, தூங்கிறாதீங்க,” என்கிறாள் தவமணி. மரியாதைச் சொல்தான். சொல்கிற விதத்தில் மரியாதை இல்லை. “தூங்கலம்மா.” “கண்ணு மூடியிருந்திச்சி.” “பாட்டுக் கேட்டேன்.” “இவ்வளவு நாளா கேக்காத பாட்டா?” மேடையில் அவன் தன் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுகிறான், கப்பல் கட்டும் ஊரில் குடித்துவிட்டு வரும் தகப்பனைப் பற்றியது. பாடுமுன் கதை சொன்னான், அதை ஒரு பட்டதாரிப் பையன் தமிழில் மொழிபெயர்த்தான். தன் பதினாறு வயதில் நாட்டுப்பாட்டுக்காரர் கூடும் பாட்டு மடங்களில் காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பாடுவார்களாம், தன் குரல் தனக்குக் கேட்க. அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டமாம்: பாட்டைக் கட்டியவனைப் பற்றிப் பேசக்கூடாது, பாட்டு எல்லோருக்கும் பொது. இதைச் சொல்லி அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் என்னைப் பார்க்கிறாய். எங்கள் சங்கத்திலும் அதே சட்டம்தான். துண்டுப்பிரசுரத்தில் பெயர் போடக்கூடாது. அடியில் ‘தோட்டத் தொழிலாளர்கள்’ என்று மட்டும். பெயர் போட்டால் பொலிஸ் வரும் என்பது ஒரு காரணம். பெயர் போடுகிறவன் தலைவனாகிவிடுவான் என்பது இன்னொன்று. அந்தச் சட்டத்தை நான்தான் எழுதினேன். என் பெயரில்லாமல் எழுதினேன். பிறகு பத்துப் பேரிடம் நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

எழுபத்து நான்கு. பஞ்ச வருஷம். மாவு வெட்டு, அரிசி வெட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் புகை இல்லாத நாட்கள். அப்போது ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் தோளில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தான். அவன் தாயின் சிற்றப்பன் ஒருத்தன் அந்தக் காலத்தில் ஊசிக்கல்லில் தொரையாக இருந்தவனாம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் தொழிலாளர் பாட்டைச் சேகரிக்க வந்தேன் என்றான். நான் மொஸ்கோவிலிருந்து வரும் மலிவுப் புத்தகங்களில் ஆங்கிலம் படித்தவன். எங்கள் இருவருக்கும் அந்தப் புத்தக வார்த்தைகள் போதுமாக இருந்தன. தோழர் என்றான், தோழர் என்றேன். ஊசிக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். மலையேறும்போது பெண்கள் பெயர் கேட்டார்கள். காலண்டர் என்றேன். “அய்யோ, காலண்டரா? காலண்டர் தொரை, இன்னைக்கி என்னா தேதி?” என்று ஒருத்தி கேட்க, “கிழிச்சிப் பாருடி தெரியும்,” என்றாள் இன்னொருத்தி. மலையே சிரித்தது. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மலை. அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். தராசுக் கொட்டகையில் சீரங்காயி நின்றாள். பத்து மாதப் பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள். அந்தப் பிள்ளையைச் சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன், கொழுந்து நிறுக்கும் தராசில் கூடையோடு தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தாள் என்று சொன்னார்கள். கணக்கப்பிள்ளை தடுக்கவில்லையாம். முள்ளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். புதைத்துவிட்டு வந்தவள் அடுத்த நாள் மலையில் பாடினாள். தராசு முள்ளே தராசு முள்ளே, தப்பாம நீ சொல்லு. கூடக் கொழுந்து பதினெட்டு ராத்தல், கொழந்த எத்தன சொல்லு. எட்டு ராத்தல் எட்டு ராத்தல், எழுதிக்கடா கணக்கப்புள்ள. நாளைக்கி எட போட நான் கொண்டார ஒண்ணுமில்ல. எட்டு நாளில் அந்தப் பாட்டு ஏழு தோட்டம் ஓடியது. ஒரு தாள் இல்லாமல். அதே மாதம் ‘விழித்தெழு தோட்டமே’ என்று நான் இருபது அடி எழுதி ஆயிரம் பிரதி அடித்து விநியோகித்தேன். அதை வைத்து அடுப்புப் பற்றவைத்தார்கள். மாவு இருந்தவர்கள் பற்றவைத்தார்கள்.

அந்த நினைப்பு வேண்டாம். வரிசையில் இல்லாதது அது. வரிசை எழுபத்தாறில் தொடங்குகிறது.

இப்போது மேடையில் மின்சாரக் கிட்டாரைத் தோளில் மாட்டுகிறான், எழுபத்திரண்டு வயதில். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சுப் போட்டிருக்கின்றன. கூட வந்த இரண்டு பேரில் ஒருத்தி மேளக்காரி, தலை மொட்டை. பங்க் காலத்துக் கதையைச் சொல்கிறான்: பாட்டு மடத்துக்காரர்கள் துரோகி என்றார்களாம், கூச்சல் கூட்டத்துக்காரர்கள் பிடில்காரன் என்று போத்தலால் அடித்தார்களாம், நெற்றித் தழும்பைக் காட்டுகிறான். இரண்டு பக்கமும் அடி வாங்கினேன் என்று பெருமை. எனக்குப் பக்கமே இல்லை என்று அதற்கு அர்த்தம் என நான் எழுந்து சொல்லலாம். பிறகு அந்தத் தட்டு. எழுபத்தெட்டில் வந்த பார்சல் நினைவிருக்கிறது. உறையில் ஒரு குழந்தைக் கிலுகிலுப்பைப் படம், அதன் தலை மண்டையோடு. ராத்தல் என்ற எடைச் சொல் அவனுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் கிலுகிலுப்பைக்கு ஏறத்தாழ அதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. பாட்டில் குழந்தை வருகிறது என்று நான் சொல்லியிருந்தேன். ஆக அவன் கணக்குப் போட்டான்: தாய் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறாள், எட்டுத் தடவை. எட்டு ராத்தல் பிள்ளையின் பாரத்தை எட்டுத் தடவை ஆட்டும் கிலுகிலுப்பையாக்கி, ஊக்குக் குத்திய பிள்ளைகளை ராத்தல் ராத்தல் என்று துள்ளவைத்தான். உறையின் குறிப்பில் அதைப் படித்த அன்று நான் தட்டை முழங்காலில் வைத்து உடைத்தேன். அந்த உடைப்புச் சத்தம் எனக்கு இன்பமாக இருந்தது. ஒரு எதிரி இப்படி முழுசாகக் கிடைப்பது அரிது. இதோ தொடங்கிவிட்டான். கிட்டார் கிழிகிறது. மொட்டைத் தலைக்காரி தகர டின்னைப் போட்டு அடிக்கிறாள். அவன் வாயை ஒலிபெருக்கியில் ஒட்டிக்கொண்டு கத்துகிறான், தராசு முள்ளே. மண்டபத்துப் பிள்ளைகள் முதலில் காதைப் பொத்தி, பிறகு சிரித்து, பிறகு துள்ளுகிறார்கள். துள்ளுங்கள். உங்கள் பாட்டிமார் புதைத்த பிள்ளைகளின் மேல் துள்ளுங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு. ஆனால். இந்தக் கத்தல் எனக்குத் தெரியும். எழுபத்தாறுத் தட்டில் அவன் இழைய இழையப் பாடியது பொய், தேன் தடவிய பொய். சீரங்காயி இழையவில்லை. அவள் கொட்டகையில் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்தினாள், எழுதிக்கடா என்று, எச்சில் தெறிக்க. அர்த்தம் தெரியாத இந்த வெள்ளைக்காரன் அர்த்தத்தைத் தொலைத்துவிட்டுக் குரலை வைத்திருக்கிறான். நான் அர்த்தம் தெரிந்தவன். என்னிடம் எது இருக்கிறது.

தவமணி துள்ளும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். “அம்மா இப்படித்தான் கத்தும்,” என்கிறாள். “ஒனக்கு ஞாபகம் இருக்கா?” “ஆறு வயசு எனக்கு. பொட்டி சுத்துனிச்சி, சிவப்பா ஒரு லைட்டு எரிஞ்சிச்சி. அப்புறம் தொரை அத அமத்திட்டாரு. அமத்திட்டு என்னமோ கேட்டாரு. நீங்க அம்மாகிட்ட கேட்டீங்க, ஆரு கட்டினதுன்னு. அம்மா சொல்லிச்சி.” “ம்.” “நாந்தான்னு சொல்லிச்சி. நெஞ்சத் தட்டிச் சொல்லிச்சி. அப்புறம் நீங்க தொரைகிட்ட இங்கிலீசுல சொன்னீங்க. அவரு எழுதிக்கிட்டாரு. எழுதுனத நான் பாத்தேன். எழுதிட்டு எப்படித் தலைவரே போடாம விட்டாரு?” “வெள்ளைக்காரன்,” என்றேன். இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை கூட்டங்களைச் சமாளித்திருக்கிறேன். அவளும் தலையாட்டினாள். பெட்டியை அமர்த்திய பிறகுதான் கேட்டான். ஆகவே நாடாவில் அது இல்லை. தவமணிக்கு அன்று ஆங்கிலம் தெரியாது, சீரங்காயி உயிரோடு இல்லை. அந்த இரண்டு நிமிஷம் இரண்டு மண்டைகளுக்குள் மட்டும் இருக்கிறது. அதில் ஒன்று இன்று காலையில் மண்டப வாசலில் குடையோடு நின்று என் கையைப் பிடித்துக்கொண்டது. சந்தனம், என்றான், ஐம்பது வருஷம். நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் விடவில்லை. அந்தப் பெண் பிள்ளையின் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, என்றான். நீ என்னிடம் ‘பழைய பாட்டு’ என்று சொன்னதாகத்தான் என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் நீ அப்படிச் சொல்லியிருக்க முடியாது, நீ அவர்களுடைய தலைவன். நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். ராத்தலைத் தப்பாகக் கேட்ட காதுதானே. பிழை என்னுடையது, அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சிரித்தான், பல்கட்டுத் தெரிய. அந்தக் குடையைப் பிடுங்கி அவன் தலையிலேயே போடவேண்டும் போல இருந்தது எனக்கு. அடித்தால் திருப்பி அடிக்காத எதிரியை என்ன செய்வது.

பழைய பாட்டு. அவ்வளவுதான் சொன்னேன். யாரும் கட்டவில்லை, காலம் காலமாகப் பாடுகிறார்கள் என்றும் சேர்த்தேன். ஏன் சொன்னேன் என்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது, நல்ல காரணம், எத்தனையோ இரவு அதை எழுதி எழுதிச் செப்பம் செய்து வைத்திருக்கிறேன்: பாட்டுக் கட்டியவர் யார் என்று தோட்டத்துத் தொரை தேடிக்கொண்டிருந்தான், பெயர் வெளியே போனால் அவளைத் தோட்டத்தை விட்டு விரட்டியிருப்பான், ஆகவே ஒரு தொழிலாளியைப் பாதுகாக்கப் போராளி ஒருவன் பேசிய பொய். அழகாக நிற்கிறது. ஆனால் நான் வரிசைக்காரன். வரிசைப்படி பார்த்தால், காலண்டர் வந்தது மாசி கடைசி. தொரை விசாரிக்கத் தொடங்கியது பங்குனி நடுவில். அதுவும் எப்படித் தெரிந்தது தொரைக்கு, நானே அந்தப் பாட்டை என் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துப் பரப்பியதால். அடியில் ‘தோட்டத் தொழிலாளர்கள்’. மாசி மாதம் எந்த ஆபத்தும் இல்லை. மாசி மாதம் இருந்தது என்ன? ஒரு கொட்டகை. ஒரு வெள்ளைக்காரன், என் தோழன், நான் கூட்டி வந்தவன், கண் கலங்கி, ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணை, எழுத்து வாசனை இல்லாத ஒருத்தியை, கடவுளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக நான் என் ‘விழித்தெழு தோட்டமே’யை அவனுக்கு மொழிபெயர்த்துக் காட்டியிருந்தேன். நல்ல கருத்துகள், என்றான். பெட்டியைத் திறக்கவில்லை. அவன் கேட்டான், இதைக் கட்டியது யார். அவள் நெஞ்சைத் தட்டினாள். நாந்தான். அந்த நாந்தான் என் வாய்க்குள் வந்து, இந்தப் பக்கம் வரவில்லை. பயம் இல்லை அது. கொள்கை இல்லை. எரிச்சல். வெறும் எரிச்சல், கொசுக்கடி அளவுக்கு. ஒரு விநாடி. அதற்கு மேல் ஐம்பது வருஷத்தைக் கட்டியிருக்கிறேன்.

அவள் என்னிடம் பிறகு கேட்டாள், “எம்பேரச் சொன்னீங்களா தொரைகிட்ட?” “சொல்லிட்டேன்.” “சரியாச் சொன்னீங்களா? சீரங்காயின்னு? அந்த வாய்க்கு வருமா?” “வரும், எழுதிக்கிட்டாரு.” அதை நம்பினாள். தண்ணி பிடிக்கிற பீலியடியில் சண்டை வந்தால், போங்கடி, எம்பேரு சீமையில எழுதியிருக்கு என்பாளாம். சீமைக்காரி வர்றா, வழிவிடுங்கடி என்று கேலி செய்வார்களாம். அந்தக் கேலியோடு பதினோரு வருஷம் இருந்து எண்பத்தைந்தில் காய்ச்சலில் போனாள். நான் இரங்கல் பிரசுரம் எழுதினேன். ஒரு தொழிலாளித் தாய் மறைந்தாள் என்று. அதிலும் பெயர் போடவில்லை. சட்டம்.

மேடையில் முடித்துவிட்டான். தேநீருக்காக எல்லோரும் எழுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு மேசையைப் போடுகிறார்கள். அருளானந்தம் மாஸ்டர் முத்திரையை மையில் ஒற்றி ஒரு பழைய உறையில் குத்திப் பார்க்கிறார். சாட்சிக்கு ஊசிக்கல்லிலிருந்து வந்த இரண்டு பெண்கள், இன்று அரை நாள் பேர் வெட்டுப்பட்டுக் கூலி போனாலும் பரவாயில்லை என்று வந்தவர்கள், மேசையின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். காலண்டரும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். தவமணி கோவையிலிருந்து கடதாசியை எடுத்து வைக்கிறாள். ‘திரு. டூகல் காலண்டர், பாடலை இயற்றியவர் தன் பெயரைச் சொல்லியும் அதைப் பதியத் தவறினார்.’ மூன்றாவது பந்தி. எல்லாம் தயாராக இருக்கிறது. நான் ஒப்பம் வைத்தால் போதும். அவள் பெயர் அச்சேறும், என் பெயர் கெடாது, பிழை என்னுடையது என்று அவனே சொல்லிவிட்டான், யாருக்கும் நட்டமில்லை. அவன் அந்த முடிச்சு விரலால் மூன்றாவது பந்தியைத் தொட்டு, எல்லாம் சரி, சந்தனம், நான் ஒத்துக்கொள்கிறேன், போடு, என்கிறான். அந்த முகத்தைப் பார்க்கிறேன். மன்னிக்கிற முகம். எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமலே மன்னிக்கிற முகம். இவன் எங்கள் மலையை எடுத்தவனின் பேரன் முறைக்காரன். பாட்டை எடுத்தான். அதை வைத்துப் பிடில்காரனானான், கூச்சல்காரனானான், கலாநிதியானான். இப்போது மிச்சம் இருப்பது ஒன்று, அந்த ஒரு விநாடிப் பொய், என் வாழ்நாளில் நானே கட்டிய ஒரே பாட்டு, ஏழு கடல் தாண்டி ஓடிய ஒன்று. அதையும் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். கொடுக்கமாட்டேன். இவனிடம் போய் நான் கடன்படமாட்டேன்.

பேனாவை எடுத்து மூன்றாவது பந்தியின் மேல் கோடு போட்டேன். “அட, வெட்டாதீங்க ஐயா,” என்று பதறினார் மாஸ்டர், “வெட்டினா பக்கத்துல சுருக்கொப்பம் வைக்கணும்.” “வைக்கிறேன்.” “என்னா வெட்டுறீங்க?” தவமணியின் கை என் மணிக்கட்டின் மேல் விழுந்தது. “அம்மா பேரையா?” “இல்ல. கைய எடும்மா.” எடுக்கவில்லை. இடது கையால் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கிவிட்டு எழுதினேன். எழுத்து சரிந்தது; ஈய எழுத்துக் கோத்தவனுக்கு இப்படி ஒரு கையெழுத்து. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், அவருடைய வாய் கொஞ்சம் திறந்தது. “நான் வாசிக்கமாட்டேன்,” என்றார். “நீங்களே வாசிங்க. சாட்சிக்காரருக்குக் கேக்கணும். அதுதான் முறை.” எழுந்தேன். முழங்கால் நின்றது. “பெரியகருப்பன் மகன் சந்தனமாகிய நான்,” என்று தொடங்கினேன், “உண்மையாகவும் நேர்மையாகவும் வெளிப்படுத்துவதாவது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கு மாசியில், இந்தப் பாட்டைக் கட்டியவர் யார் என்று கேட்கப்பட்டபோது, பாடியவரே நான்தான் என்றார். நான் அதை ஆங்கிலத்தில் ‘பழைய பாட்டு, யாரும் கட்டவில்லை’ என்று மாற்றிச் சொன்னேன். காலண்டர் சரியாகத்தான் கேட்டார். அவர் எழுதியது நான் சொன்னதை. யாருக்கும் பயந்து சொன்னதல்ல அது. பொறாமையால் சொன்னது.” சாட்சிப் பெண்களில் ஒருத்தி, “அடப் பாவி மனுசா,” என்றாள், மெதுவாகக்கூட இல்லை. காலண்டர் இவரையும் அவரையும் பார்த்து, என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டான். அந்தப் பட்டதாரிப் பையன் வாயைத் திறக்கவில்லை. அன்று மொழிபெயர்க்க வேண்டியவன் இன்று வாசித்துக்கொண்டிருந்தான். தவமணி அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் வார்த்தை சொல்லி நான் தப்பியிருப்பேன். என் முகத்தை, கொட்டகையில் தாய் கணக்கப்பிள்ளையைப் பார்த்த அதே விதமாக, நேராகப் பார்த்தாள். “பதினோரு வருசம் எங்கம்மாவ சீமைக்காரி, சீமைக்காரின்னு சிரிச்சாங்க,” என்றாள். “நீங்களும் அந்தப் பீலியடிய தாண்டித்தான் சங்கத்துக்குப் போவீங்க.” “ஆமா.” “ஒரு நாளு நின்னீங்களா?” “இல்ல.” “சரி. ஒங்க கதைய அப்புறம் பாத்துக்கலாம். கடதாசி இன்னும் முடியல. வாசிங்க.” தாளைக் கண்ணருகே கொண்டுபோனேன். கடைசி வரியில் அவள் தட்டச்சு செய்ய வைத்த எழுத்துகள், கொட்டை எழுத்துகள், மங்கி ஓடின. “ஆகவே, மேற்படி பாடலை இயற்றியவர், ஊசிக்கல் தோட்டம், மேல்கணக்கு, ஏழாம் லயத்தைச் சேர்ந்த,” என்று வாசித்து மூச்சு வாங்கினேன். “சத்தமா,” என்றாள் தவமணி. “இவங்க ரெண்டு பேருக்கும் கேக்கணும். அந்தத் தொரைக்கும் கேக்கணும். எழுதிக்கட்டும் அவரு.” காலண்டர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான். நான் தாளைக் கீழே வைத்தேன். அதைப் பார்க்கத் தேவையில்லை.

“கருப்பாயி மகள் சீரங்காயி.”